மாவுக்கட்டில் ஒரே ஒரு பெயர்

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். இடக்கையில் மாவுக்கட்டோடு வந்து நிற்கிறான் ஈவன் ஹான்சன். கூடப் படிக்கிறவர்களிடம் கட்டின் மேல் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறார் அம்மா. அந்தச் சாக்கிலாவது பையன் நாலு பேரிடம் பேசமாட்டானா என்ற ஆசை அவருக்கு. அமெரிக்கப் பள்ளிகளில் இது பழைய வழக்கம். கட்டில் கிறுக்கல் கூடக்கூட, கூட்டாளிகள் அதிகம் என்று பொருள். ஈவனின் கட்டோ வெள்ளை வெளேரென்றே இருக்கிறது. கடைசியில் பேனாவை வாங்குகிறவன், யாரோடும் ஒட்டாத முரடன் என்று பெயரெடுத்த கானர் மர்ஃபி. இன்னொருவர் எழுத இடமே இல்லாதபடி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் போகிறான். சில நாள்களில் கானர் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

'டியர் ஈவன் ஹான்சன்' என்ற பிராட்வே இசை நாடகம் இப்படித்தான் சூடுபிடிக்கிறது.

பாடல்களையும் இசையையும் அமைத்தவர்கள் பெஞ்ச் பாசெக், ஜஸ்டின் பால் இரட்டையர். 'லா லா லேண்ட்' படத்துக்குப் பாட்டெழுதி ஆஸ்கர் வாங்கியவர்கள். கதை, வசனம் ஸ்டீவன் லெவன்சன். 2015-இல் வாஷிங்டனில் முதலில் அரங்கேறி, 2016 டிசம்பரில் நியூயார்க்கின் மியூசிக் பாக்ஸ் தியேட்டருக்கு வந்தது. மறு ஆண்டே சிறந்த இசை நாடகம் உட்பட 6 டோனி விருதுகள். 2022 செப்டம்பரில் திரை இறங்கும்வரை அங்கே 1,600 காட்சிகளுக்கு மேல் நடந்தது.

கதையின் முடிச்சு ஒரு கடிதம். கூச்சமும் பதற்றமும் பிடுங்கித் தின்னும் ஈவனை, தனக்குத்தானே கடிதம் எழுதிப் பழகச் சொல்கிறார் மனநல ஆலோசகர். அப்படி எழுதி அச்செடுத்த தாளைக் கானர் பறித்துக்கொண்டு போகிறான். அவன் இறந்தபின் அது பெற்றோர் கையில் கிடைக்கிறது. 'அன்புள்ள ஈவன் ஹான்சன்' என்று தொடங்கும் அதை, மகன் தன் உயிர் நண்பனுக்கு எழுதிய கடைசிக் கடிதம் என்று நம்பிவிடுகிறார்கள். மாவுக்கட்டில் இருக்கும் பெயரைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விடுகிறது. அழுது நிற்கும் தாயிடம் இல்லை என்று சொல்ல ஈவனுக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற, நடக்காத நட்புக்குப் பழைய தேதி போட்ட போலி மின்னஞ்சல்கள் தயாராகின்றன. அஞ்சலிக் கூட்டத்தில் அவன் பேசிய பேச்சு இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவுகிறது. உயிரோடு இருந்தபோது கானரை ஏறிட்டும் பார்க்காதவர்கள் எல்லாம் அவனுக்காக உருகுகிறார்கள்.

இதற்கு விதை பாசெக்கின் பள்ளி நாள்களில் விழுந்தது. உடன் படித்த மாணவர் ஒருவர் போதைப்பொருளால் இறந்தபோது, அவரைச் சரியாகத் தெரியாதவர்கள்கூட நெருங்கிய நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டார்களாம். அந்த உறுத்தல்தான் நாடகமானது.

பார்வையாளர்களைக் கலங்கவைத்ததில் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குப் பங்கு அதிகம். கானரின் அப்பா மகனுக்காக வாங்கிய பேஸ்பால் கையுறை புதுக்கருக்கு மாறாமல் கிடக்கிறது. அதை எப்படிப் பழக்குவது என்று ஈவனுக்குச் சொல்லித் தருகிறார்: ஷேவிங் கிரீம் தடவித் தேய்க்க வேண்டும், ரப்பர் பேண்டால் கட்டி மெத்தைக்கு அடியில் வைத்து ஒரு வாரம் தூங்க வேண்டும். மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அழ முடியாத மனிதர், கையுறையைப் பற்றி ஒரு முழுப் பாட்டு பாடுகிறார். ஈவனின் அம்மா ஹைடிக்கும் அப்படியொரு பாட்டு உண்டு. கணவர் சாமான்களை ஏற்ற லாரி கொண்டுவந்த நாளில், உன்னையும் ஏற்றிப்போக இன்னொரு லாரி வருமா என்று சின்னப் பையனாக ஈவன் கேட்டதை நினைத்துப் பாடுகிறார். அந்த வேடம் ரேச்சல் பே ஜோன்ஸுக்கு டோனி வாங்கித் தந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு. இறந்த பையன் ஈவனின் கற்பனையில்தான் பேசுகிறான், பாடுகிறான். அவனுடைய சொந்த வலி என்ன என்று நாடகம் கேட்கவே இல்லை என்றார்கள். இத்தனை பேரை ஏமாற்றியவன் பெரிய தண்டனை இல்லாமல் தப்புகிறான் என்றார்கள். 2021-இல் படமாக வந்தபோது, மேடையில் ஈவனாக நடித்து டோனி வென்ற பென் பிளாட்டே நடித்தார். இருபதுகளின் பின்பாதியில் இருந்தவரைப் பள்ளி மாணவனாகக் காட்டியது கேலிக்கு ஆளானது.

இத்தகைய கதைகள் பார்ப்பவரை எந்தப் பக்கம் தள்ளும் என்பதும் கேள்விதான். தற்கொலையை விவரித்து அழகாக்கும் கதைகள் அதைப் பின்பற்றத் தூண்டலாம் என்பதற்கு, கதேயின் நாவலை வைத்து 'வெர்தர் விளைவு' என்று பெயர். நெருக்கடியைக் கடந்து வந்தவரின் கதை காப்பாற்றவும் செய்யும் என்பது 'பாபகேனோ விளைவு'. மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசை நாடகத்தில் உயிரை விடத் துணியும் பாபகேனோவை மூன்று சிறுவர்கள் தடுப்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இந்த நாடகம் கானரின் மரணத்தை மேடையில் காட்டுவதில்லை. தன் கை முறிந்தது வெறும் விபத்தல்ல என்று ஈவன் அம்மாவிடம் உடைந்து சொல்லும் இடமே உச்சக்கட்டம். நாடகக் குழுவும் இளைஞர் மனநல அமைப்புகளோடு கைகோத்தது. தமிழ்நாட்டில் அப்படி மனம்விட்டுப் பேச நினைப்பவர்களுக்கு 104, 14416 ஆகிய எண்கள் இருக்கின்றன.

கடைசிக் காட்சி ஓராண்டு கழித்து, கானரின் பெயரால் மீட்டெடுத்த ஆப்பிள் தோட்டத்தில் நடக்கிறது. கானரின் தங்கை ஜோயியிடம் ஈவன் ஒரு செய்தி சொல்கிறான். எட்டாம் வகுப்பில் கானர் தனக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களைப் பட்டியல் போட்டிருந்தான். அது கண்ணில் பட்டதாம். இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறான்.