வாசலை அடைத்துக்கொண்ட சிலந்தி

செத்துப்போன எட்டுக்கால் பூச்சியை எல்லோரும் பார்த்திருப்போம். வீடு கூட்டும்போது மூலையில் கிடக்கும். எட்டுக் கால்களும் வயிற்றுப் பக்கமாகச் சுருண்டு, இறுக மூடிய கைபோல இருக்கும். கரப்பான் செத்தால் மல்லாந்து கிடக்கிறது. நாய் செத்தால் கால் விறைத்துப் போகிறது. சிலந்திக்கு மட்டும் கால் ஏன் உள்ளே இழுத்துக்கொள்கிறது?

சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளை மடக்கத் தசை உண்டு. நீட்டத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் இரத்தத்தை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்கிறதே, அதே வேலைதான். உயிர் போனதும் அழுத்தம் போய்விடுகிறது. மடக்கும் தசை மட்டும் மிஞ்ச, கால்கள் சுருண்டுகொள்கின்றன. அந்த இரத்தமும் நம்முடையதுபோல் சிவப்பு அல்ல. இரும்புக்குப் பதில் செம்பு கலந்த புரதம் அதில் ஓடுவதால், காற்றுப் பட்டால் இளநீலமாகத் தெரியும்.

இதை என் அண்ணன் மகனுக்குச் சொல்லப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தியாகதுருகத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஒருநாள் கைபேசியை நீட்டி, "அத்தை, இந்த டரான்டுலா ஒண்ணு வாங்கி வளக்கலாமா?" என்று கேட்டான். திரையில் முழங்கால்களில் ஆரஞ்சு வளையம் போட்ட கறுப்புச் சிலந்தி, உள்ளங்கை அகலம். மெக்சிகோ நாட்டுச் சிவப்பு முழங்கால் சிலந்தி அது. அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆகவே நானும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

டரான்டுலா என்ற பெயரே இடம் மாறி வந்தது. இத்தாலியில் டரான்டோ என்றொரு ஊர். அங்கே கடித்தால் ஆடித்தான் விஷம் இறங்கும் என்று நம்பப்பட்ட ஓநாய்ச் சிலந்திக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஐரோப்பியர்கள், அங்கே கண்ட பெரிய மயிர் அடர்ந்த சிலந்திகளுக்கு அதையே சூட்டிவிட்டார்கள். இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வலை பின்னிக் காத்திருக்கும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. வளையின் வாயிலோ மரப்பொந்தின் விளிம்பிலோ காலை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். கண் எட்டு இருந்தும் பார்வை மங்கல். காலில் உள்ள மயிர்கள்தான் அதற்குக் காதும் மூக்கும். ஒரு சிள்வண்டு நாலு அடி எடுத்து வைத்தால், தரையின் அதிர்விலிருந்தே திசையையும் தூரத்தையும் கணித்துவிடும்.

வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை முழுவதும் இந்த உடம்புக்குள்ளேயே இருக்கிறது. வயிறு மெல்லிய தோல் போர்த்திய நீர்ப்பை போன்றது. அரை ஆள் உயரத்திலிருந்து தவறி விழுந்தாலே வெடித்துவிடக்கூடும். உள்ளே உள்ள அழுத்தம் வெளியேறினால் நடக்கவும் முடியாது. ஆகவே கையில் எடுத்து விளையாட்டுக் காட்டும் பிராணி அல்ல இது. தரையில் வாழும் இனத்துக்கு உயரம் குறைந்த பெட்டியும் தோண்ட ஆழமான மண்ணும் வேண்டும். மரத்தில் வாழ்வதற்கு உயரமான பெட்டியும் ஒண்டிக்கொள்ள மரப்பட்டையும் வேண்டும். பெட்டியில் போடத் தேங்காய் நார்க்கழிவைத்தான் உலகெங்கும் வாங்குகிறார்கள். பொள்ளாச்சியில் கட்டியாக அழுத்தி ஏற்றுமதியாகும் அதே சரக்கு. எங்கோ ஜெர்மனியில் ஒரு வீட்டு அலமாரியில் மெக்சிகோ சிலந்தி நம்மூர்த் தென்னையின் துகளில் வளை தோண்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

இரை வாரத்துக்கு ஒருமுறை, ஒரு சிள்வண்டோ சிறு கரப்பானோ போதும். நன்றாகத் தின்ற பெரிய சிலந்தி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் காயக்கூடாது. நம் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆபத்துகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயல் வெட்டுக்கிளியைப் பிடித்துப் போட்டால், மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் அடித்த மருந்து சிலந்திக்குப் போய்ச்சேரும். கொசுவத்தியும் கரப்பான் மருந்தும் பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. சிலந்தியின் நரம்பையும் விடாது. கொசுவத்தி கொளுத்தாமல் நம்மூரில் எத்தனை வீட்டில் இரவு கழிகிறது?

எல்லாவற்றையும்விடப் புதியவரைப் பயமுறுத்துவது சட்டை உரிப்பு. பாம்பைப் போலவே இதுவும் சட்டையைக் கழற்றித்தான் வளர்கிறது. சில வாரங்களுக்கு முன்பே இரையைத் தொடாது, நிறம் மங்கும். ஒருநாள் மல்லாந்து படுத்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. செத்த சிலந்திக்குத்தான் கால்கள் அடியில் சுருளும்; சட்டை உரிக்கும் சிலந்தி முதுகில் படுக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். முதுகு மூடி பிளந்து, ஒவ்வொரு காலையும் உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் மெதுவாக இழுத்துக்கொள்ளும். பல மணி நேரம் ஆகலாம். வெளித்தோல் மட்டுமல்ல, இரை உறிஞ்சும் வயிற்றின் உள்தோலும், புத்தகப் பக்கங்கள்போல் அடுக்கிய நுரையீரலின் உள்தோலும்கூட உரிந்து வருகின்றன. இழந்த கால்கூட இப்படி உரிக்கையில் சிறிதாக மறுபடி முளைக்கும். புதுப் பற்கள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை பெட்டியில் ஒரு சிள்வண்டை விட்டுவைத்தால், இரையே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும்.

அவன் திரையில் காட்டிய சிலந்தி எப்படி இங்கே வருகிறது என்பதற்குப் பதிவான ஒரு கதை உண்டு. 2021 ஜூலையில் சென்னையில் சுங்கத் துறையினர் போலந்திலிருந்து வந்த தபால் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்கள். முகவரி அருப்புக்கோட்டை. உள்ளே 107 சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றும் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றியவை. ஒவ்வொரு குப்பியிலும் ஓர் உயிருள்ள சிலந்திக் குஞ்சு. வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் அளவைத் துறையினரும் பார்த்து, மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த டரான்டுலாக்கள் என்றார்கள். இறக்குமதி உரிமமும் உடல்நலச் சான்றும் இல்லாததால், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப ஒப்படைத்தார்கள். அந்தக் குஞ்சுகளை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. மெக்சிகோ மண்ணில் வாழப் பிறந்த இனம், போலந்துக் குளிரிலிருந்து சென்னை வெயிலுக்கு வந்து மறுபடியும் போலந்துக்கு, அதுவும் இருட்டுக் குப்பியில்.

வெளியூர்ச் சிலந்திக்கு ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு, உலகம் நம்மூர்ச் சிலந்திக்கு ஆசைப்படுவது தெரியாது. பொயிசிலோதீரியா என்றொரு பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. மரப்பொந்தில் வாழ்பவை, காலிலும் முதுகிலும் சாம்பல், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் கோலம். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த விலங்கியலாளர் போக்காக் 1899-இல் இவற்றில் பலவற்றுக்குப் பெயரிட்டார். ஒன்று அரக்கோணத்தில் கிடைத்தது. இன்னொன்று சேலத்துக் காடையாம்பட்டியில் கிடைத்தது. ஆங்கிலத்தில் அதற்குச் சேலத்தின் பெயரே உண்டு. எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலையில் ஏறி நின்றால் மேற்கே சேலம், வடகிழக்கே அரக்கோணம். இராமேசுவரம் பக்கத்துப் புளியந்தோப்பிலும் பனந்தோப்பிலும் வாழும் இனத்துக்கு 2004-இல்தான் பெயர் கிடைத்தது. அங்குள்ள ஓர் அனுமன் கோயிலின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இவற்றில் மிக அழகானது ஆந்திராவின் குத்தி நீலச் சிலந்தி. குத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில் 1899-க்கு முன் ஒரே ஒரு பெண் கிடைத்தது; பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் காணவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். முதல் சிலந்தி விறகோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும். அதன் நீலம் சாயம் அல்ல. மயிருக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நீலம். அந்த நீலமே அதற்கு வினையாயிற்று. கண்டுபிடித்த சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெட்டிகளில் விலைக்கு வந்துவிட்டது. மிக அருகிவிட்ட இனம் என்று 2008-இல் பட்டியலிட்டார்கள்.

இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்து, இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2019 நவம்பர் 26. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்ததும் அதே நாள்தான். இதைக் கண்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து அண்ணனைக் கூப்பிட்டேன். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் உயிரினங்களையும் தனி அட்டவணையில் கொண்டுவந்துவிட்டது. வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். காப்புக்காட்டிலிருந்து எடுப்பது எப்போதுமே குற்றம்.

சட்டத்தை விட்டாலும், முதல் சிலந்தியாக இவற்றை வளர்க்கச் சொல்ல மாட்டார்கள் அனுபவசாலிகள். அமெரிக்கக் கண்டத்துச் சிலந்திகளில் பெரும்பாலானவை பயந்தால் வயிற்று மயிரைக் காலால் உதிர்த்து வீசும். தோல் அரிக்கும், கண்ணில் பட்டால் மோசம். நம் சிலந்திகளுக்கு அந்த மயிர் இல்லை. அதற்கு ஈடாக மின்னல் வேகமும் கடுமையான விஷமும். கடிபட்டவர் செத்ததாகப் பதிவு இல்லை. ஆனால் சில மணி நேரம் கழித்துத் தொடங்கும் தசைப்பிடிப்பு ஒரு வாரம்கூட நீடிக்கலாம். இத்தனை கடுமையான பிராணி தன் பொந்தில் ஒரு தவளைக்கு இடம் கொடுத்திருப்பதை 2009-இல் இலங்கை ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிலந்தி முட்டைக்கு எமன் எறும்பு. தவளை எறும்பைத் தின்கிறது. சிலந்தி தவளையைத் தொடுவதில்லை.

அவனுக்கு இவ்வளவையும் சொன்னேன். வாங்கித் தர மாட்டேன் என்றும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அடுத்த ஞாயிறு மாலை, ஊருக்கு வெளியே தெரிந்தவர் கொல்லையில், ஓடையோரச் செம்மண் கரைக்கு அழைத்துப்போனேன். தரையில் வாழும் நம்மூர்ச் சிலந்தி ஒன்றின் வளை அங்கே இருந்தது. கட்டைவிரல் நுழையும் துளை, விளிம்பெங்கும் வெண்ணூல் மெழுகியது. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஏழரை மணிக்கு இரண்டு கால் நுனிகள் வெளியே வந்தன. அவ்வளவுதான் தெரிந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

பிறகு வாராவாரம் போனான். ஆடி மாதத்தில் ஒருநாள், "அத்தை, வாசலையே காணோம்" என்று ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் துளை மண்ணும் நூலும் குழைத்து அடைத்திருந்தது. தோண்டக்கூடாது என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது. பிறகு திறந்தது. வாசலுக்கு வெளியே, தூக்கி எறிந்த பழஞ்சட்டை. முதுகு மூடியில் கண்கள் இருந்த இடத்தில் எட்டுக் கண்ணாடிப் புள்ளிகள். பற்களின் உறைகூட முழுசாக இருந்தது.

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி சோப்பு விட்டு ஊறவைத்தோம். வயிற்றுப் பகுதி கசங்கிய காகிதமாக இருந்தது. ஊசி முனையால் மெல்ல விரித்தான். முன் இரண்டு நுரையீரல்களின் வெள்ளைத் தழும்புக்கு நடுவே, உருப்பெருக்கியில் ஒரு சின்ன மடல் எழும்பி நின்றது. ஆண் விந்தைச் சேமிக்கும் பையின் உள்தோல் அது. பெண்ணுக்கு மட்டும் இருப்பது. ஆண் பருவம் வந்தபின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்கு மேல் தாங்காது. பெண் பத்து ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும்.

"பொண்ணு, அத்தை" என்றான். சட்டையை உலர்த்தித் தீப்பெட்டியில் வைத்து, மேலே தேதி எழுதினான். அடுத்த ஞாயிறு போகும்போது, கரையில் யாரும் மிதிக்காதபடி நாலு கல் எடுத்து வைக்கலாமா என்று கேட்டான்.