வெயிலோடு வரும் வசந்தம்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கும் பழந்தமிழ் மரபு, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும், அவற்றைத் தொடரும் ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்றும் வகுக்கிறது. ஏப்ரல் நடுவில் தொடங்கும் இந்த இளவேனில், பனி உருகியபின் பிறக்கும் குளிர்நாட்டு வசந்தத்திலிருந்து முற்றிலும் வேறானது. தமிழகத்தின் பெரும்பகுதிக்கு மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்து மாதங்கள் பல கழிந்து, கிணறுகளில் நீர் இறங்கி, புல் காய்ந்துவிட்ட வேளையில்தான் புங்கம் தளிர்க்கிறது, வேம்பு பூக்கிறது, கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடுகிறது. நீர் குறைந்த காலத்தில் வரும் வசந்தம் என்பதால், அதை வீட்டில் வரவேற்பதற்குப் பூவும் தோரணமும் மட்டும் போதுவதில்லை. நிழலையும் ஈரத்தையும் வீட்டைச் சுற்றிக் கூட்டி வைப்பதே அந்த வரவேற்பின் பெரும்பகுதியாக இருந்து வந்திருக்கிறது.

மழை இல்லாதபோது மரங்கள் தளிர்ப்பது எப்படி என்ற கேள்வி இயல்பாகவே எழும். மாசியிலும் பங்குனியிலும் மரம் பழைய இலைகளை உதிர்ப்பதால் இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவது, அதாவது நீராவிப்போக்கு, பெரிதும் குறைகிறது. ஆழ வேரோடிய மரங்கள் அடிமண்ணின் ஈரத்தைக் கொண்டும், தண்டில் சேமித்த நீரைக் கொண்டும் புதிய தளிர்களை விடுகின்றன. இந்த ஏற்பாட்டுக்கு வேறொரு பயனும் உண்டு. முதுமலைக் காட்டில் நடத்தப்பட்டு 1993ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மழைக்கு முன்பே வறண்ட காலத்தில் தளிர்விடும் மரங்களைப் பூச்சிகள் குறைவாகவே தின்கின்றன என்று காட்டியது; மழையோடு பூச்சிகள் பெருகும்போது அந்தத் தளிர்கள் முற்றி, கடிக்கக் கடினமான இலைகளாகிவிடுகின்றன. மாந்தளிரின் செம்பு நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமியும் இளம் இலையைக் கடும் ஒளியிலிருந்து காக்கிறது என்று தாவரவியலார் கருதுகின்றனர். தெருவோர மரங்களின் சருகைக் குப்பையாகக் கருதிக் கொளுத்திவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. வசந்தத்தின் முதல் அறிகுறியே அந்தச் சருகுதான் என்பதோடு, தோட்டத்துக்கு அதைவிட மலிவான துணையும் வேறில்லை.

சித்திரை முதல் நாள் வீடுகளில் செய்யப்படும் அலங்காரம் ஏறத்தாழ முழுவதும் அந்தப் பருவத்தில் கிடைப்பவற்றாலேயே ஆனது. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டப்படுகிறது. பறித்த பின்னும் சுருங்காமல் சில நாள்கள் பசுமை காக்கும் தடித்த இலை என்பதால் மாவிலை இதற்கு மிகப் பொருத்தமானது. கன்னியாகுமரி, கோவை போன்ற பகுதிகளில் முந்தைய இரவே தாம்பாளத்தில் மா, பலா, வாழை என்னும் முக்கனிகளோடு வெற்றிலை பாக்கும், நகையும், நாணயமும், கொன்றைப் பூவும் வைத்து, பின்புறம் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, விடியலில் கண் விழித்ததும் அதையே முதலில் காணும் கனி காணுதல் நடைபெறுகிறது. அன்றைய சமையலில் மாங்காய்ப் பச்சடியோடு வேப்பம்பூவும் சேர்கிறது. மரத்தடியில் துணியை விரித்து வைத்தால் காலைக்குள் உதிர்ந்து சேரும் அந்தச் சிறிய வெண்பூக்களைக் காம்பும் தூசியும் நீக்கி வெயிலில் உலர்த்தி வைத்தால், அடுத்த சித்திரை வரை ரசத்துக்கு ஆகும். கோலத்தைக் கல்மாவுக்குப் பதிலாக அரிசி மாவில் இட்டால் எறும்புக்கும் குருவிக்கும் அது உணவாகும் என்ற பழைய கருத்து இன்றும் பின்பற்றத்தக்கது.

அழகும் குளிர்ச்சியும் ஒன்றாகவே எண்ணப்பட்டதற்குக் கோயில்கள் நல்ல சான்று. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரையில் எழுப்பிய புதுமண்டபம், வைகாசியில் நடைபெறும் வசந்த விழாவுக்காகக் கட்டப்பட்டது. வெப்பம் தணிய அம்மண்டபத்தைச் சுற்றி நீர் நிரப்பும் அகழி போன்ற அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது. வீடுகளில் அதே வேலையைச் செய்தது வெட்டிவேர்த் தட்டி. வெட்டிவேரைப் பின்னி சன்னலில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், அதன் ஊடே வரும் உலர்காற்று ஈரத்தை ஆவியாக்குவதில் தன் வெப்பத்தை இழந்து மணத்தோடு உள்ளே வருகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இதன் பயன் குறைவு. மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் மிகுதி.

தோட்டத்தில் இளவேனிலின் அரசி குண்டுமல்லி. மல்லிகை புதிதாக விடும் கிளைகளிலேயே அரும்பு வைக்கும் செடி என்பதால் அதன் கோடைப் பூப்பு கார்த்திகையிலேயே தீர்மானமாகிறது: நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவது, வேளாண் பரிந்துரை. அவ்வாறு வெட்டி, உலர்ந்த குச்சிகளை நீக்கி, தொழுவுரம் இட்ட செடி, பனிக்காலம் முழுவதும் மொட்டையாக நின்றாலும் மார்ச்சு முதல் கொத்துக் கொத்தாக அரும்பும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களில் அதிகாலையிலேயே அரும்பைப் பறித்துவிடுகின்றனர். மாலையில் மலர வேண்டிய பூவைக் காலையில் அரும்பாகப் பறித்தால்தான் மணம் சரத்தோடு வீடு வந்து சேரும். மாடியில் தொட்டிச் செடி வளர்ப்போருக்கும் இதே முறை பொருந்தும். முழு வெயில் படும் இடமும், அடியில் நீர் தேங்காத தொட்டியும் இருந்தால் மல்லிகை அதற்குமேல் அதிகம் கேட்பதில்லை.

காய்கறிகளில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை கோடையைத் தாங்குபவை. பங்குனிச் சருகை வேர்ப்பகுதியின்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புவதற்கு மூடாக்கு என்று பெயர். அது மண்ணின் சூட்டையும் நீர் ஆவியாவதையும் குறைத்து, நாளடைவில் மட்கி உரமுமாகிறது. தண்ணீரை அதிகாலையில் ஊற்ற வேண்டும். மென்மையான செடிகளுக்கு நிழல்வலை தேவை.

பறவைகளுள் இப்பருவத்தின் முன்னறிவிப்பாளராகக் குயில் கருதப்படுவது முற்றிலும் சரியானதே. ஆயினும் அது எங்கிருந்தோ வருவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே மறைந்து வாழும் குயில், இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது குரல் எடுக்கிறது என்பதே உண்மை. கூவுவது கறுத்த உடலும் செந்நிறக் கண்ணும் கொண்ட ஆண். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண்ணின் குரல் 'கிக் கிக்' என்ற கூர்மையான ஒலி. காகம் கூடு கட்டும் காலத்தை ஒட்டியே குயிலின் காலமும் அமைகிறது. காகத்தின் கூட்டில் இடப்படும் குயிலின் முட்டை, காக முட்டைகளுக்குச் சில நாள்கள் முன்பே பொரித்துவிடுவதால், காகமே அக்குஞ்சை ஊட்டி வளர்க்கிறது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைத் தொகுப்புக்கு 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தலைப்பு அமைந்திருப்பதும், அவரைப் போன்ற கூர்நோக்காளர் வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களைத் தமிழில் எழுதியிருப்பதும் தமிழ் வாசகருக்குக் கிடைத்த பேறு. கறிவேப்பிலை மரத்தைப் பழுக்க விட்டால் அதன் கருநிறப் பழங்களுக்காகக் குயிலும் கொண்டைக்குருவியும் கொல்லைக்கே வரும்.

இன்னும் நெருக்கமாகக் காணத்தக்கது தேன்சிட்டின் கூடு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு என்னும் சிறு பறவையின் பெண், தாழ்வாரத்துக் கம்பியிலோ கொடியிலோ நார்களைச் சிலந்தி வலை இழைகளால் பிணைத்துப் பை போலத் தொங்கும் கூட்டைக் கட்டுகிறது. பக்கவாட்டு வாயிலுக்கு மேல் சிறு இறவாரமும் உண்டு, வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்குகளும் புழுக்களின் எச்சமும் ஒட்டப்பட்டிருப்பதால் கூடு காற்றில் சிக்கிய குப்பை போலவே தோன்றும். ஒட்டடை அடிக்கும் கோலுக்கு இரையாவது பெரும்பாலும் இந்தத் தோற்றத்தால்தான். வழக்கமாக இரண்டு முட்டைகள் இடப்படுகின்றன, அடைகாத்தல் ஏறக்குறைய இரண்டு வாரம். அதுவரையும் குஞ்சு பறக்கும் வரையும் அந்த மூலையைத் தூய்மைப்படுத்தாமல் விடுவது இல்லத்தாருக்கு அரிய காட்சியைப் பரிசாகத் தரும்.

பறவைகளுக்கு வியர்ப்பதில்லை, அலகைத் திறந்து மூச்சிரைத்து, உடலின் நீரை ஆவியாக்கியே வெப்பத்தைத் தணிக்கின்றன. ஆகவே வேனிலில் தானியத்தைவிடத் தண்ணீரே முதன்மையான உதவி. இரண்டு அங்குல ஆழத்துக்கு மிகாத, விளிம்பு சொரசொரப்பான மண் தட்டு, சிறு உயிர்கள் மூழ்காமல் ஏற ஒரு கல், பூனை பதுங்க இயலாத திறந்த இடம் ஆகியவை போதும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவி நிரப்பினால் கொசுப்புழு வளர வழியில்லை.

வருகையைப் போலவே விடைபெறுதலும் இப்பருவத்தில் உண்டு. ஆறுமணிக்குருவி என்று தென்மாவட்டங்களில் அழைக்கப்படும் தோட்டக்கள்ளன், குளிர்காலத்தைத் தமிழகத் தோட்டங்களில் கழித்துவிட்டு, இளவேனில் தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காக வடக்கு நோக்கிச் சென்றுவிடும். தகைவிலானும் அவ்வாறே. இவை கடைசியாகக் காணப்பட்ட நாளையும், வீட்டருகே வேம்பும் கொன்றையும் முதலில் பூத்த நாளையும் ஆண்டுதோறும் ஓர் ஏட்டில் குறித்து வருவது அறிவியலுக்கும் பயன்படும். உயிரினங்களின் பருவ நிகழ்வுகளை ஆராயும் இத்துறைக்குப் பருவநிகழ்வியல் என்று பெயர். இந்தியாவில் சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டத்தில் எவரும் ஒரு மரத்தைப் பதிவு செய்து அதன் தளிர், பூ, காய் ஆகியவற்றின் நிலையை வாரம் ஒருமுறை தெரிவிக்கலாம், பறவைக் குறிப்புகளை இ-பேர்டில் சேர்க்கலாம். பள்ளி விடுமுறையும் சித்திரையும் சேர்ந்து வருவதால், மரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வீட்டுக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம்.