உங்களுக்குத் தெரியுமா? வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகளின் மனநலம்

● கலிபோர்னியாவில் அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் இருந்த குழந்தைகளில், வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்தவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால், மனநலச் சேவை பெற்றவர்களில் அவர்களே 41 சதவீதம் என்றது 1992-இல் வெளியான ஓர் ஆய்வு.

● அப்படியும் பலருக்கு உதவி எட்டுவதில்லை. அமெரிக்கக் குழந்தைகள் நலத்துறையின் விசாரணைக்கு உள்ளான குடும்பங்களின் 2 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதை 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களில் மனநலச் சிகிச்சை பெற்றவர், நான்கில் ஒருவரே.

● வளர்ப்புப் பிள்ளைகள் வீடு மாறும்போது சிகிச்சையும் அறுந்துபோகக்கூடும். 2002-இல் தொடரப்பட்ட வழக்கின் பயனாக, பிள்ளை வாழும் வீட்டுக்கே மனநல உதவியைக் கொண்டுசெல்ல 2011-இல் கலிபோர்னியா ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைத்தாக வேண்டும்.