அட்ரஸ் தெரியாத வார்த்தை!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அக்காள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பாட்டியைக் கூப்பிடவில்லை. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நேரே ஊஞ்சலில் போய் உட்கார்ந்து ஒரு காகிதத்தைக் கசக்க ஆரம்பித்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் பலகாரத்தைப் பற்றிக்கூட விசாரிக்கவில்லை என்றால் விஷயம் சாமானியமானதா? நீங்களே சொல்லுங்கள்!

அது ஆங்கிலப் பரீட்சையின் கேள்வித்தாள். ஒரு பத்தியைக் கொடுத்து, அதைப் படித்துக் கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வார்களே, அந்தப் பகுதி. "ஆசிரியர் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் கையாளுகிறார்?" என்று ஐந்து கேள்விகள். ஐந்தில் நான்கு தப்பு.

"ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கண் விழித்து ஆயிரம் வார்த்தைக்கு அர்த்தம் உருப்போட்டேன், சித்தி. எனக்கு இங்கிலீஷே வராது. பெரியவளானதும் உங்களை மாதிரி பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதெல்லாம் இனிமேல் வேண்டாம்" என்றாள். கண்ணில் நீர் தளும்பி நின்றது.

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். ஊர்க்காரர்களின் குறைகளைக் கலெக்டர் 'அட்ரஸ்' செய்தார் என்று ஒரு வாக்கியம். கீழே மூன்று விடைகள்: விலாசம் எழுதினார், சொற்பொழிவு ஆற்றினார், கவனித்து வழி செய்தார். எங்கள் பெண் கொஞ்சமும் தயங்காமல் முதலாவதைக் குறித்திருந்தாள். கலெக்டர் குறைகளை ஓர் உறையில் போட்டு, விலாசம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார் போலும்! (சில சமயம் அப்படியும் நடப்பதுண்டு என்பது வேறு விஷயம்.)

"அகராதியில் முதல் அர்த்தம் அதுதானே, சித்தி?" என்றாள்.

மூக்குக் கண்ணாடியும் தொடர்கதையுமாக உட்கார்ந்திருந்த என் அம்மா தலையை நிமிர்த்தினாள். "ஏண்டி, சீட்டுப் பிடித்தவன் அட்ரஸே இல்லாமல் போய்விட்டான் என்று உன் தாத்தா புலம்பினாரே, அவன் வீட்டுக் கதவிலக்கத்தையா தேடினார்?"

அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அம்மா விடவில்லை. "அவனுக்குக் கை நீளம் என்றால் என்ன? இந்த மாசம் கையைக் கடிக்கிறது என்றால்? சமையலில் அவளுக்கு நல்ல கை என்றால்? அவசரத்தில் எனக்குக் கை ஓடவில்லை என்றால்?" ஒவ்வொன்றுக்கும் பதில் பட் பட்டென்று வந்தது. திருட்டு, பணமுடை, பக்குவம், பதற்றம். 'கை' என்பது ஒரே எழுத்து. அதற்கு அவள் ஒரு நாளும் அர்த்தம் உருப்போட்டதில்லை!

அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் என்ன வந்தது, சொன்னவர் யார், எந்தக் குரலில் சொன்னார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அவளுக்குப் பொருளை எடுத்துக் கொடுத்தது. வீட்டில் நாள் முழுவதும் நாம் செய்கிற காரியமே இதுதான். பரீட்சை மேஜையில் உட்கார்ந்ததும் குழந்தைகள் இதை எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

குழந்தைகள் மட்டுமா? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு வேடிக்கை செய்தார். எழுதியவர் பெயரையும் காலத்தையும் மறைத்துச் சில கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். இலக்கியம் படிக்கிற மாணவர்கள்தான்; ஆனாலும் கவிதையின் நேர்ப்பொருளையே பிடிக்க முடியாமல் பலர் தடுமாறினார்கள். அந்த விடைகளை அலசி அவர் 1929-இல் ஒரு புத்தகமே வெளியிட்டுவிட்டார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கென்று 1926-இல் தொடங்கிய 'ஸாட்' பரீட்சையின் கதையும் இங்கே சொல்லத் தக்கதுதான். வெகு காலம் அது அரிய வார்த்தைகளைக் கேட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. எதிர்ச்சொல் கேட்பதை 1994-இல் கைவிட்டார்கள். சொல்லுக்குச் சொல் உறவு கேட்பதை 2005-இல் விட்டார்கள். 2016-இல் கடுமொழிகளைக் கொண்டு கோடிட்ட இடம் நிரப்புவதும் போயிற்று. பத்தியில் சாதாரணமாக வருகிற சொல் அந்த இடத்தில் என்ன பொருள் தருகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். எளிய சொல்தானே என்று அலட்சியமாக இருந்தால் அங்கேதான் வழுக்கும்.

நம் தமிழிலேயே பாருங்கள். 'நாற்றம்' என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். திருக்குறளின் 1274-ஆம் குறளில் மொட்டுக்குள்ளே அடங்கியிருக்கும் மணத்தைத்தான் வள்ளுவர் அந்தச் சொல்லால் குறிக்கிறார். தலைவியின் புன்முறுவலுக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புக்கு அதை உவமையாகச் சொல்கிறார். எவ்வளவு நளினமான இடம்! இன்றைய அர்த்தத்தைப் போட்டுப் படித்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகும்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைப் புரட்டினால் நறுமணமும் கிடைக்கும், கெட்ட வாடையும் கிடைக்கும். இந்த இடத்துக்கு எது என்று அகராதியா வந்து சொல்லும்?

அன்று மாலை நாங்கள் கண்ட உபாயம் சுலபமானது. கேட்ட சொல்லை விரலால் மூடிவிட வேண்டும். அதற்கு முந்திய வாக்கியத்தையும் பிந்திய வாக்கியத்தையும் சேர்த்துப் படித்து, மூடிய இடத்தில் நம்முடைய சொந்த வார்த்தை ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொடுத்திருக்கும் விடைகள் பக்கம் கண்ணைத் திருப்பலாம். முதலிலேயே விடைகளைப் பார்த்தால் போச்சு! கேள்வி எழுதுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. எல்லாருக்கும் தெரிந்த அர்த்தத்தைத் தூண்டில் புழுவாகப் போட்டு வைத்திருப்பார்கள். இப்படிச் செய்து பார்த்ததில் தப்பான நான்கில் மூன்று சரியாகிவிட்டன.

நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: "எங்கள் நகரசபையார் கருணை உள்ளவர்கள், மழை விட்ட பத்தாம் நாளே வந்து தெருவில் உள்ள குழியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்." கருணைக்கு என்ன பொருள்? "இரக்கம்" என்று எழுதினாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பெண் மறுபடியும் படித்தாள். "பத்தாம் நாள்" என்ற இடத்தில் நின்றாள். முகம் மலர்ந்தது. "கேலி பண்ணுகிறீர்களா, சித்தி!" என்றாள். இந்த மாதிரி இடத்தில் விரலால் மூடுகிற வித்தை மட்டும் போதாது. எழுதியவரின் முகத்தையும் பார்க்கத் தெரியவேண்டும்.

மிஞ்சிய அந்த ஒரு கேள்வி இருக்கிறதே, அதில் எனக்கும் சந்தேகந்தான். கிழிந்த புடவையுடன் ஒரு கிழவி, மகனுடைய கடிதத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள். அவளைப் 'பூர்' என்கிறார் ஆசிரியர். ஏழை என்பதா, ஐயோ பாவம் என்பதா? இரண்டும் பொருந்துகிறது. கேள்வித்தாளோ ஒன்றைத்தான் ஒப்புக்கொள்கிறது. "நாளைக்கு டீச்சரிடம் கேட்கிறேன்" என்றாள் பெண். கடிதம் தொலைந்த வரியைப் பென்ஸிலால் கோடிட்டும் வைத்துக்கொண்டாள். வாதாடப் போகிறாளாம்!

விளக்கு வைத்த பிறகு அம்மா தொடர்கதையை அவளிடம் நீட்டினாள். "இந்தப் பிள்ளை, 'தை மாசம் வருவாயா?' என்று அவள் கேட்டதற்கு, 'பார்க்கலாம்' என்கிறானே. வருவானா, மாட்டானாடி?"

பெண் உடனே பதில் சொல்லவில்லை. பத்திரிகையை வாங்கி, இரண்டு பத்தி மேலே போய்ப் படித்தாள். பிறகு கீழே இறங்கி வந்தாள்.

"வரமாட்டான், பாட்டி. செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறான்."