வடிந்து போவது பசுவின் பால்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். பீலியடியில் நின்ற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "தண்ணியை மோந்து பாருங்க மிஸ்" என்று ஒருவர் குடத்தை நீட்டினார். புளித்த வாடை அடித்தது.

பீலிக்கு மேலே, சரிவில், ஓர் அக்காவின் மாட்டுக் கொட்டில் இருந்தது. அதனருகே பொலித்தீன் போர்த்திய குழியொன்று. அதிலிருந்து கசிந்த கபில நிற நீர் கான் வழியே இறங்கி ஊற்றில் கலந்திருந்தது.

1983 வன்செயலின்போது மாத்தளையை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அக்காவினதும் ஒன்று. 2009இல் கணவரை இழந்து, முகாமிலிருந்து பிள்ளைகளுடன் மீண்டும் உறவினரிடம் வந்தவர். அவருக்கு இருப்பது இரண்டு பசுக்கள் மட்டுமே. "புல்லைப் புதைச்சு வைச்சா கோடைக்கு மாடு பட்டினி கிடக்காது எண்டு சொல்லித் தந்தாங்க மிஸ். தண்ணி வரும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். அந்தப் பயிற்சிக்கு அவரை அழைத்துச் சென்றதே நான்தான். அங்கே வடிநீரைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று நான் தலைகுனிந்தேன்.

சைலேஜ் என்றால் என்ன?

பசும்புல்லையோ சோளப் பயிரையோ சிறிதாக நறுக்கி, காற்றுப் புகாமல் இறுக்கி மூடிவைத்தால் அது புளிக்கும். தயிரைப் புளிக்க வைப்பது போன்ற கிருமிகளே இங்கும் வேலை செய்கின்றன. அந்தப் புளிப்பு தீவனத்தைக் கெடாமல் காக்கும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் அதை மாட்டுக்குக் கொடுக்கலாம். மழையில் செழித்து வளரும் கோ-3 புல்லை இப்படிச் சேமித்தால் கோடையிலும் பால் குறையாது. ஒன்றிரண்டு பசுக்களை நம்பி வாழும் நமக்கு இது நல்ல வழியே. ஆகவே சைலேஜ் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வடிநீரால் என்ன கெடுதி?

மழையில் வெட்டிய புல்லில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நீர்தான். அதை வாடவிடாமல் அப்படியே குழியில் அமுக்கினால், ஒரு தொன் புல்லிலிருந்து 200 லீற்றர் வரைகூட வடியலாம். முதல் பத்து நாட்களில்தான் இது அதிகம்.

இந்த நீர் அமிலத்தன்மை கொண்டது, சீமெந்தையே அரிக்கும். நீரோடையில் கலந்தால் கிருமிகள் இதைத் தின்று பெருகி, நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். வீட்டுக் கழிவுநீரைவிட இதன் கேடு ஏறத்தாழ 200 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மாத்தளையின் சுதுகங்கை அம்பன்கங்கையில் சேர்கிறது. அம்பன்கங்கையின் நீர் எலஹெரவில் திருப்பப்பட்டு மின்னேரியா, கந்தளாய்க் குளங்கள் வரை போகிறது. நாம் கானில் விடுவது நம் வாசலோடு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். குழியில் ஊறுவது எளிதில் கிணற்றுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வடியும் நீரோடு புல்லின் சீனிச் சத்தும் புரதமும் போய்விடுகின்றன. கண்முன்னே வடிந்து போவது நம் பசுவின் பால்தான்.

என்ன செய்யலாம்?

வெயிலுள்ள நாளில் புல்லை வெட்டி, சில மணி நேரமாவது வாடவிடுங்கள். ஓர் அங்குல அளவில் நறுக்கிய புல்லைக் கைப்பிடியளவு எடுத்து அரை நிமிடம் இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். சொட்டாமல், கையைத் திறந்ததும் மெல்ல அவிழ்ந்தால் பதம் சரி. சோளமாயின் மணியில் பால் வற்றி மாப்பிடிக்கும் பருவத்தில் வெட்டுங்கள்.

வெயில் கிடைக்காவிட்டால் அடியில் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். அது நீரை உறிஞ்சும். ஒன்றிரண்டு பசுக்களுக்குக் குழி தேவையில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயோ தடித்த பொலித்தீன் பையோ போதும். எதுவானாலும் கிணற்றுக்கும் ஊற்றுக்கும் தள்ளி, அவற்றைவிடத் தாழ்வான இடத்தில் வையுங்கள்.

அப்படியும் நீர் வடிந்தால் வாளியில் ஏந்துங்கள். குறைந்தது சம அளவு தண்ணீர் கலந்து, மழையில்லாத நாளில் புல் பாத்திக்கு ஊற்றலாம். கலக்காமல் ஊற்றினால் புல் கருகும். மூடிய சாணக் குழிக்குள் மட்டும் ஊற்றவேண்டாம். நச்சு வாயு கிளம்பும். பூஞ்சணம் பிடித்த சைலேஜை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

பீலியடியில்

அன்று பெண்களில் சிலர் குழியை மூடிவிடும்படி சத்தமிட்டார்கள். அக்கா அழுதார். பேசிப் பேசி மத்தியானமானது. கடைசியில் முதலில் குடத்தை நீட்டியவரே மண்வெட்டி எடுத்து வந்தார். எல்லோருமாகக் குழிக்குக் கீழே குறுக்குக் கான் வெட்டி, கசிவைப் பீப்பாய் ஒன்றுக்குத் திருப்பினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, தண்ணீர் நல்லது என்று சொல்லும்வரை குடிநீரைப் பக்கத்து டிவிசனிலிருந்து சுமந்தார்கள். அந்தச் சுமையில் அக்காவும் பங்கெடுத்தார்.

இப்போது அவர் பீலிக்குக் கீழே, பீப்பாய்களில் சைலேஜ் போடுகிறார். புல்லைப் பிழிந்து பார்க்கும் பதத்தை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். நானும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இப்போது முதலில் எழுந்து கேட்பது இதைத்தான்: "இதிலிருந்து வடிவது எங்கே போகும்?" சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள்.