எண்ணூர்க் கழியில் காக்கா ஆழி: பாலாற்று முகத்துவாரம் எவ்வளவு தூரம்?

பெருநகரில் செய்யாற்றுக் கரையில் நிற்பவருக்குக் கடல் நினைவு வர வேண்டிய அவசியமே இல்லை. வருஷத்தில் பாதி நாள் அங்கே மணல்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் கலங்கல் போய் ஆறு இரு கரையும் தொட்டு ஓடும்போது, அந்த வெள்ளம் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, வயலூர் அருகே வங்கக் கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே இருப்பது கல்பாக்கம். கடலில் மனிதன் எதைக் கட்டினாலும் அதில் யார் குடியேறுகிறார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் மிக நெருக்கமாகப் பார்த்த இடம் அதுதான்.

அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. நீராவியைக் குளிரவைக்கக் கடல்நீர் வேண்டும். அதற்காகக் கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் ஒரு நீர்வாங்கி கட்டினார்கள். அங்கிருந்து 468 மீட்டர் நீளச் சுரங்கம், கடலடிக்கு ஐம்பது மீட்டருக்கும் கீழே, தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவருகிறது. இருட்டு, விடாமல் ஓடும் நீர், அந்த நீரோடு மிதந்துவரும் நுண்ணிய உணவு. தேடி அலையாமல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, வருகிற நீரை வடிகட்டித் தின்னும் உயிர்களுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. சில ஆண்டுகளிலேயே சுரங்கச் சுவரில் பச்சை ஆழி என்ற சிப்பியினம் நூற்றுக்கணக்கான டன் அளவுக்கு மண்டிவிட்டது. செத்து உதிர்ந்த ஓடுகள் தண்ணீரோடு வந்து குழாய்களை அடைத்தன.

குளோரின் விட்டார்கள். நேரம் வைத்து விட்டுவிட்டு ஊற்றினால் ஆழிக்கு அது ஒரு பொருட்டில்லை. நெடி பட்டதும் இரண்டு ஓட்டையும் இறுக மூடிக்கொள்ளும். தெளிந்த நீர் வந்ததும் திறக்கும். பெரிய ஆழி நாள்கணக்கில் மூடியபடியே தாக்குப்பிடிக்கும். ஆகவே மிகக் குறைந்த அளவில், ஆனால் இடைவிடாமல் குளோரின் விடும் முறைக்குப் போக வேண்டியிருந்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் கடலுக்குள் நீளும் பாலத்திலிருந்து பலகைகளைக் கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தூக்கிப் பார்த்து, எந்த மாதத்தில் எது ஒட்டுகிறது என்று பதிவு செய்தார்கள்.

அப்படித் தொங்கும் பலகையில் நடப்பதை நிதானமாகச் சொல்லலாம். சில மணி நேரத்தில் பாக்டீரியாக்களும் நுண்பாசிகளும் வழுவழுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. அடுத்து கொட்டலசு வருகிறது. அதன் குஞ்சு கடுகைவிடச் சிறியது. பலகைமேல் இறங்கித் தன் உணர்கொம்புகளால் நடந்து நடந்து இடம் பார்க்கும். பிடிக்காவிட்டால் மறுபடி நீந்திப் போகும். பிடித்துவிட்டால் தலையைப் பலகையில் வைத்துப் பசையால் ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பிக்கொள்ளும். அதோடு அதன் அலைச்சல் முடிந்தது. ஆயுள் முழுக்கத் தலைகீழாக இருந்தபடி கால்களை வெளியே நீட்டி உணவை உள்ளே தள்ளும். பிறகு குழாய்ப் புழுக்கள், கடல் சாமந்திகள், பாசிப் பூச்சிகள். கடைசியில் பச்சை ஆழி, பட்டுநூல் போன்ற இழைகளை ஊன்றி, முன்னால் வந்தவர்களின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்.

கல்பாக்கம் பதிவுகளில் நம் ஆறுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் பாலாற்று நீரும் எடையூர், சதுரங்கப்பட்டினம் கழிகளின் நீரும் கடலில் கலக்கும்போது கரையோரக் கடலின் உப்பு இறங்குகிறது. அந்த மாதங்களில் ஒட்டும் உயிர்களின் வரத்து குறைகிறது. செய்யாற்று வெள்ளம் வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சுரங்கச் சுவரைக் கொஞ்சமாவது கழுவிவிடுகிறது என்றே சொல்லலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் நம் கடலின் சொந்த உயிர்களைப் பற்றியது. பச்சை ஆழி நம்முடையது. ஆனால் அதுவே கப்பலேறிப் போன இடத்தில் அந்நியன். 1990இல் கரீபியக் கடலின் டிரினிடாடில் அது தென்பட்டது. 1999இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், டாம்பா விரிகுடா ஓரத்து மின்நிலையம் ஒன்றின் நீர்வாங்கியைத் துப்புரவு செய்தபோது உள்ளே பச்சை ஆழி இருந்தது. அதற்கு முன்பே, 1986இல், அதே ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் மின்நிலைய நீர்வாங்கியில் இன்னொரு சிற்றாழி பிடிபட்டிருந்தது. மைடெல்லா என்று விஞ்ஞானிகள் அழைக்கும் அது மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. எண்ணூர் மீனவர்கள் இன்று காக்கா ஆழி என்று சொல்வது அதைத்தான். நம் ஆழி அங்கே போனது; அவர்கள் பக்கத்து ஆழி இங்கே வந்தது.

அது ஆசியாவுக்கு வந்த வழியில் அடையாளங்கள் உண்டு. 2014இல் பிலிப்பைன்ஸ், 2016இல் சிங்கப்பூர், 2019இல் கேரளக் காயல்கள். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை அது பாய் விரித்தாற்போல் மூடிவிட்டது. வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் போய்விட்டது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்திருக்கும். சேற்றின்மேல் ஆழி ஒன்றோடொன்று இழை பின்னிக் கம்பளம்போல் கிடந்தால் இறால் எங்கே புதையும்? துழாவும் கை எங்கே போகும்? ஓட்டின் விளிம்பு காலையும் விரலையும் கிழிக்கிறது. மஞ்சள் மட்டி கிடைத்த இடங்களில் இப்போது மட்டி இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கழிவும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் ஏற்கெனவே நாசம் செய்த கழி அது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை விஷயம் போனது. ஆனால் முதலில் இதைக் கண்டு சொன்னவர்கள் மீனவர்கள். அவர்கள் சொல்லி வெகுநாள் கழித்துத்தான் மற்றவர் காதில் விழுந்தது. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கல்பாக்கத்தில் மழைநீர் செய்யும் உதவி இதன்முன் செல்லாது. காக்கா ஆழி கடல் உப்பையும் தாங்கும், ஏறக்குறைய நல்ல தண்ணீரையும் தாங்கும். அதனால்தான் கழிமுகம் அதற்கு இவ்வளவு பிடித்துப்போனது.

வந்தது எப்படி என்றால், கப்பலில். இதில் இரண்டு வழி உண்டு. சரக்கில்லாமல் வரும் கப்பல் தள்ளாடாமல் இருக்கத் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும்; இதுதான் பேலஸ்ட் தண்ணீர். பெரிய கப்பலில் இது பல்லாயிரம் டன். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டும்போது, புறப்பட்ட இடத்தில் தொட்டிக்குள் ஏறிய நுண்குஞ்சுகளும் சேர்ந்து இறங்கும். ஆழியின் குஞ்சு இரண்டு மூன்று வாரம் மிதந்து திரியக்கூடியது. பயணத்துக்கு அது போதும். இரண்டாவது வழி, கப்பலின் அடிப்பாகத்திலேயே ஒட்டிக்கொண்டு வருவது. ஒட்டாமலிருக்க ஒரு காலத்தில் டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணம் பூசினார்கள். கடல் நத்தைகளின் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்கு அது நஞ்சு என்று தெரிந்து, 2008இல் உலக அளவில் தடை வந்தது. பேலஸ்ட் தண்ணீரைச் சுத்திகரித்தே கொட்ட வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வருஷத் தாமதத்தில் எத்தனை தொட்டிகள் எத்தனை துறைமுகங்களில் கொட்டப்பட்டிருக்கும்!

இறங்கிய குஞ்சுக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். இங்கேதான் கட்டுமானங்கள் கதைக்குள் வருகின்றன. சென்னையிலிருந்து புதுச்சேரி வரை நம் கரை பெரும்பாலும் மணல். மாமல்லபுரம் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பாறை. பாறையில் ஒட்டி வாழும் உயிரின் குஞ்சு இந்த மணற்கரையில் இடம் கிடைக்காமல் செத்துப்போகும். இயற்கை போட்டிருந்த வேலி அது. இன்று அந்தக் கரையில் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள், ஊருக்கு ஊர் தூண்டில் வளைவுகள், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களின் குழாய்கள், மின்நிலைய நீர்வாங்கிகள். ஒவ்வொன்றும் வேலியில் ஒரு திட்டிவாசல். புதிதாகப் போட்ட கல்லில் பழைய குடிகள் இல்லை, போட்டியும் இல்லை. முதலில் வருபவருக்கே இடம்.

பிரேசிலில் இது பெரிய அளவில் நடந்தது. இந்திய, பசிபிக் கடல்களைச் சேர்ந்த சூரியப் பவளம் 1980களில் அங்கே எண்ணெய் எடுக்கும் மேடைகளில் தென்பட்டு, பிறகு கரையோரப் பாறைகளுக்குப் பரவி, உள்ளூர்ப் பவளங்களை நெருக்கியது. ஐரோப்பாவின் வட கடலில், பெல்ஜியக் காற்றாலைத் தூண்களில் அந்நிய இனங்கள் அலை ஏறி இறங்கும் மட்டத்தில்தான் அதிகம். கரையில்லாத நடுக்கடலில் அப்படி ஓர் இடம் தூண் நட்டதால் மட்டுமே உண்டானது. நம் தென்கடலிலும் காற்றாலை அமைக்கும் பேச்சு நடக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை. கடலில் போட்ட கட்டுமானத்தைச் சுற்றி மீன் சேரும் என்பது மீனவர்களுக்கே தெரியும். செயற்கைப் பவளப்பாறைகளை அரசே கடலில் இறக்கியிருக்கிறது. ஆனால் எதை இறக்கினாலும் அதில் ஒட்டுவது யார் என்று பார்க்கும் பொறுப்பும் சேர்ந்தே இறங்க வேண்டும்.

பார்த்தால் பலன் உண்டு. 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறை ஒன்றில் கரும்பட்டை ஆழி என்ற வேறோர் அந்நிய இனம் கொத்துக் கொத்தாக இருந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய ஆய்வில் ஒன்றுகூட இல்லை. உடனே படகுத்துறையின் மதகை மூடி, குளோரினும் தாமிர உப்பும் கொட்டி, சில வாரங்களில் அடியோடு ஒழித்தார்கள். அதே ஆழி 1967 முதல் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. பிறகு மும்பைக்கும் போனது. ஆனால் எண்ணூர் போன்ற திறந்த கழியில் டார்வின் வைத்தியம் நடக்காது. நஞ்சு இறாலையும் மீனையும் சேர்த்தே கொல்லும். சுரண்டி எடுத்தாலும் கரைமேட்டில் கொட்டி உலர்த்தாவிட்டால் அலை திரும்ப இழுத்துப் போய்விடும். ஆகாயத்தாமரையை ஏரியிலிருந்தும் சீமைக்கருவேலத்தைப் புறம்போக்கிலிருந்தும் வருஷாவருஷம் அள்ளியும் வெட்டியும் ஓயாத நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான்.

இனிக் கவனிக்க வேண்டியது தெற்குப் பக்கம். பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு, சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம் என்று தொடுத்துக்கொண்டு மரக்காணம் வரை போகிறது பக்கிங்காம் கால்வாய். சென்னைக்குள் அது சாக்கடை. நகரத்தைத் தாண்டினால் உப்பங்கழி. கால்வாய் வழியாக இல்லாவிட்டாலும், எண்ணூரில் கிடந்த பழைய படகையோ நண்டு வலையையோ ஒருவர் வாங்கித் தெற்கே கொண்டுவந்தால் போதும். அப்படிக் கொண்டுவருகிறவர் ஒட்டியிருப்பதைக் கரையிலேயே சுரண்டிவிட்டு, பல நாள் நன்றாக வெயிலில் காயவிட்டபின் தண்ணீரில் இறக்க வேண்டும். முட்டுக்காடு, சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம், மரக்காணத்துக் கழுவெளி ஆகிய இடங்களில் பலகை கட்டித் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்க அந்தந்த ஊர் மீனவர்களுக்கே கூலி கொடுத்து வேலை தரலாம். கல்பாக்கத்தில் பல ஆண்டுகளாகச் செய்துவரும் முறைதான் இது. கயிறும் மரப்பலகையும் போதும். பலகையில் காக்கா ஆழிபோல் கருப்பாக ஒன்று தென்பட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை மீன்வளத் துறை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே குப்பம் குப்பமாக அறிவித்துவிட வேண்டும்.