நெல்லா, பதரா? – புதிய விளையாட்டை அளந்து பார்க்கும் முறை

சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கும்போதுகூடப் புழுத் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம். புடவைக் கடையில் முந்தானையை மட்டும் கண்டு மயங்காமல், உடலையும் விரித்துக் காட்டச் சொல்கிறோம். ஆனால் நம்முடைய நேரத்தை நூறு மணிக் கணக்கில் வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளை மட்டும், விளம்பரப் படத்தைக் கண்டவுடனேயே கைப்பேசியில் இறக்கிக்கொண்டு விடுகிறோம். அதுதான் இணையவழி விளையாட்டு. "புதிதாக ஒன்று வந்திருக்கிறது, பிரமாதமாம்!" என்று தோழி ஒருத்தி சொன்னால் போதும். அதில் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்விக்கு விடை காணும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேடம் ஏற்கும் விளையாட்டு

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். ரோல் பிளேயிங் கேம் என்பது வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு. ஆடுபவர் ஒரு வீரராகவோ மந்திரவாதியாகவோ மருத்துவராகவோ வேடம் பூண்டு, ஒரு கற்பனை நாட்டில் சுற்றித் திரிந்து, இட்ட பணிகளை முடித்துப் படிப்படியாக வலிமை பெறுகிறார். தஞ்சைத் தரணிக்கு வேடம் புதிதன்று. மெலட்டூரில் நடைபெறும் பாகவத மேளா நாடகங்களில் ஆடவரே பெண் வேடமும் பூண்டு ஆடுவதை நாம் அறிவோம். ஆனால் நாடகத்தில் கதை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. விளையாட்டிலோ, அடுத்து என்ன செய்வது என்று ஆடுபவரே முடிவு செய்கிறார். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இதுவே நமக்கு அளவுகோலாகப் பயன்படும்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு இவ்வகைக்கு முன்னோடி. தாளும் பென்சிலும் பகடையுமே அதற்குப் போதும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் பலர் ஒரே சமயத்தில் ஆடத்தக்க கணினி விளையாட்டு ஒன்றைத் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். 2004ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. இன்று அது நம் ஊர்க் கைப்பேசிகள் வரை வந்துவிட்டது.

எண்ணிக்கையைக் கண்டு ஏமாறலாமா?

புதிய விளையாட்டை விற்பவர் முதலில் காட்டுவது எண்ணிக்கையைத்தான். இத்தனை நூறு பணிகள், இத்தனை ஆயிரம் ஆயுதங்கள், இத்தனை மணி நேர ஆட்டம் என்று அடுக்குவார்கள். இங்கே ஓர் உண்மை வரலாற்றைக் காண்போம்.

இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் உள்ள ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம், 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளிப் பயண விளையாட்டை வெளியிட்டது. அதில் உள்ள கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616. அதாவது இரண்டை 64 முறை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் தொகை. ஒரு கோளுக்கு ஒரு விநாடி வீதம் பார்த்தாலும் பார்த்து முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! இவற்றை யாரும் கையால் வரையவில்லை. ஒரு கணித வாய்பாடு கேட்கக் கேட்கப் படைத்துத் தந்தது. ஆயினும் வாங்கியவர்களில் பலர் சில நாட்களிலேயே சலிப்புற்றனர். கோளின் நிறம் மாறியது; விலங்கின் கால்கள் மாறின. ஆனால் அங்கே இறங்கிச் செய்யவேண்டிய வேலை மாறவில்லை.

இதனுடன் நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை ஒப்பிட்டுப் பாருங்கள். பதினான்கு குழிகள், கை நிறையப் புளியங்கொட்டை அல்லது சோழி, அவ்வளவே. இதற்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு உண்டு. 'அவாரி' எனப்படும் அவ்விளையாட்டில் 12 குழிகள், 48 விதைகள். 2002ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வாளர்களான ஜான் ரோமைன், ஹென்ரி பால் ஆகியோர் கணினிகளைக் கொண்டு அதில் தோன்றக்கூடிய எல்லா நிலைகளையும் ஆராய்ந்தனர். அவை மொத்தம் 889,063,398,406. இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இப்போது கணக்குப் போடுவோம். விண்வெளி விளையாட்டின் கோள்கள், அவாரியின் நிலைகளைவிட ஏறத்தாழ 2 கோடி மடங்கு அதிகம். அப்படியிருந்தும் கோள்கள் சலித்தன, குழிகள் சலிக்கவில்லை. காரணம் என்ன? எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிந்தனையைப் பொறுத்தே வெற்றியும் தோல்வியும் அமைகின்றன. ஆகவே உள்ளடக்கம் என்பது பொருள்களின் எண்ணிக்கை அன்று. ஆடுபவரைப் புதிதாக முடிவெடுக்க வைக்கும் தருணங்களே உள்ளடக்கம். அதுவே மணி, மற்றது பதர்.

மூட்டையின் வாயும் அடியும்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். அப்படியானால் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாமே என்று தோன்றும். பானைச் சோற்றுக்கு அது பொருந்தும்; எல்லாம் ஒரே நீரில் ஒரே நேரத்தில் வெந்தது. நெல் மூட்டைக்கு அது பொருந்தாது. வாயில் நல்ல நெல்லும் அடியில் கருக்காயும் இருக்கக்கூடும். ஆகையால்தான் நெல் வாங்கத் தெரிந்தவர் மூட்டையின் நடுவிலும் குத்தி எடுத்துக் கையில் தேய்த்துப் பார்க்கிறார்.

புதிய விளையாட்டும் மூட்டையைப் போன்றதே. முதல் சில மணி நேரங்களை எல்லாரும் ஆடுவார்கள். கடைசி வரை செல்பவர் சிலரே. எனவே கதை, இசை, காட்சி ஆகிய எல்லாவற்றிலும் நிறுவனம் முதல் பகுதிக்கே மிகுந்த கவனம் செலுத்துவது இயல்பு. நடுப்பகுதியில் 'பத்து ஓநாய்களைக் கொன்று வா' என்ற பணி, 'இருபது ஓநாய்களைக் கொன்று வா' என்று மாறியிருக்குமானால் அது வேறு பணி அன்று. பழைய பணிக்கே புதிய சட்டை.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பர் 30 அன்று 'ஃபைனல் ஃபேண்டஸி 14' என்ற இணையவழி விளையாட்டை வெளியிட்டது. புகழ்பெற்ற பெயர், கண்ணைப் பறிக்கும் காட்சி எல்லாம் இருந்தன. ஆனால் ஒரே நிலப்பரப்பே திரும்பத் திரும்ப வருவதையும், செய்வதற்குப் போதிய வேலை இல்லாததையும் ஆடியவர்கள் கண்டுகொண்டனர். நிறுவனம் ஓராண்டுக்கு மேல் மாதக் கட்டணம் வாங்காமலே நடத்தி, 2012 நவம்பரில் அதை மூடிவிட்டது. நவோகி யோஷிதா என்பவர் தலைமையில் புதிதாக உருவாக்கப்பட்டு 2013 ஆகஸ்டில் அது மீண்டும் வந்தபோது உலகப் புகழ் பெற்றது. முன்பு சொன்ன விண்வெளி விளையாட்டும் பின்னாளில் இலவசப் புதுப்பிப்புகளால் செழித்தது. புது அரிசி குழையும். பழைய அரிசியே உதிரியாக நிற்கும் என்பது நம் அம்மாமார் அறிந்த உண்மைதானே! வெளிவந்த அன்றே வாங்காமல் மூன்று மாதம் பொறுத்தவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

முறை வைத்து விடும் தண்ணீர்

மேட்டூர் அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை நாம் அறிவோம். விளையாட்டுகளிலும் இப்படி ஒரு மடை உண்டு. சீன நிறுவனமொன்று 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பரிசுப் பொருள் ஈட்டுவதற்கு 'பிசின்' என்னும் ஒரு சக்தி தேவை. 8 நிமிடத்துக்கு 1 அலகு வீதம் அது ஊறுகிறது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். எனவே 180 அலகு. ஒரு கோட்டத்தில் ஒரு முறை பரிசு பெற 20 அலகு செலவாகும். ஆக, நாளொன்றுக்கு ஒன்பது முறை. ஒவ்வொன்றும் சில நிமிடங்களே. அத்துடன் அன்றைய நீர் முடிந்தது, நாளை வரவேண்டும்.

அணையில் முறை வைப்பது இருக்கும் நீரை எல்லா வயலுக்கும் பகிர்ந்தளிக்க. விளையாட்டில் முறை வைப்பது, ஆடுபவரை நாள்தோறும் வரவழைக்க. 'ஆறு மாதமாக ஆடுகிறேன், இன்னும் முடியவில்லை' என்று ஒருவர் சொன்னால், சரக்கு மிகுதியா, மடை சிறிதா என்று கேட்கவேண்டும். நியாயமாகச் சொன்னால், இவ்விளையாட்டில் மெய்யான அறுவடையும் உண்டு. இரண்டு நாடுகளுடன் தொடங்கியது. 2021 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஒரு புதிய நாடு சேர்ந்தது. அந்த அறுவடையை உண்டுவிட்டு அடுத்த சம்பா வரை வேறு வேலை பார்ப்பவரை யாரும் குறை சொல்லமுடியாது.

பணப்பையையும் கவனிக்க வேண்டும். இதே விளையாட்டில் புதிய கதாபாத்திரங்களைக் குலுக்கல் போல இழுத்துப் பெறவேண்டும். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு ஓர் இழுப்புக்கு 0.6 சதவீதம். 90 இழுப்புக்குள் ஒன்று நிச்சயம். ஆனால் அது நாம் விரும்பியதாகவே இருக்கும் என்பதில்லை. இத்தகைய வாய்ப்பு விகிதங்களை வெளியிடவேண்டும் என்று சீன அரசு 2017 மே முதல் விதித்தது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடுப்பது. வேடம் ஏற்கும் விளையாட்டில் பணம் போகுமே தவிரப் பரிசாகப் பணம் வராது. எனவே இங்கே நம்முடைய பகுத்தறிவே நமக்குக் காவல்.

தேரும் வடமும்

இணையவழி விளையாட்டில் உடன் ஆடுபவரும் உள்ளடக்கமே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க ஆண்டுகளில் பெரிய போர்களுக்கு 40 பேர் ஒன்றுகூட வேண்டும். திருவாரூர் ஆழித்தேரானாலும் வேளாங்கண்ணித் தேர்பவனியானாலும், கூடுபவர் கூடினால்தான் விழா. புது விளையாட்டில் முதல் மாதம் கூட்டம் அலைமோதும். மூன்றாம் மாதம் வடம் பிடிக்க ஆள் இருக்குமா என்று பார்க்கவேண்டும். தேர் இருந்தும் நகராவிட்டால் அது உள்ளடக்கக் கணக்கில் சேராது. மேலும் எல்லாம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது. நம் வீட்டுக் குதிரில் அன்று. 2023 ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்ததால் சீனாவில் அதே விளையாட்டு நிறுத்தப்பட்டு, 2024இல்தான் திரும்ப வந்தது.

நோட்டுப் புத்தகக் கணக்கு

இனி நாமே அளந்து பார்க்கும் எளிய வழியைச் சொல்வோம். விளையாட்டைத் தொடங்கிப் பத்து மணி நேரம் ஆடிய பிறகு, ஏதேனும் ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். நடப்பதற்கும் காத்திருப்பதற்கும் எத்தனை நிமிடம்? முன்பு செய்ததையே திரும்பச் செய்ய எத்தனை? கதை கேட்க எத்தனை? புதிதாகச் சிந்தித்து முடிவெடுக்க எத்தனை? கடைசி இரண்டையும் கூட்டுங்கள். 60 நிமிடத்தில் 20 நிமிடம் தேறினால், '100 மணி நேர விளையாட்டு' என்ற விளம்பரத்தில் மணி 33, பதர் 67.

அரசு கணக்குப்படி 100 கிலோ நெல்லை அரைத்தால் பச்சரிசி 67 கிலோ, புழுங்கலரிசி 68 கிலோ தேறவேண்டும். நெல்லில் எதிர்பார்ப்பதில் பாதியையாவது விளையாட்டில் எதிர்பார்க்கக் கூடாதா?

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குவதைவிட, இந்த நோட்டுக் கணக்கை அருகில் அமர்ந்து பார்ப்பது பயன் தரும். "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று கேட்டால் மறைப்பாள். "இன்று புதிதாக என்ன கண்டாய்?" என்று கேட்டால் சொல்வாள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அவளுக்கே விளங்கிவிடும்.

தோழியரே! நீண்ட காலச் சம்பா நடவுக்கும் அறுப்புக்கும் சேர்த்து 150 நாட்கள் கேட்கிறது. நாளொன்றுக்கு ஒரு மணி வீதம் ஒரு விளையாட்டுக்குக் கொடுத்தால், ஒரு சம்பாப் பருவத்தில் 150 மணி நேரம் போகிறது. கொடுப்பதில் தவறில்லை, விளையாட்டும் வாழ்க்கைக்கு வேண்டியதே. அந்த 150 மணிக்கு ஈடாக வீட்டுக்கு எத்தனை மூட்டை வந்தது என்று உழவர் கணக்குப் பார்ப்பதுபோல நாமும் பார்த்துவிட்டு, நல்ல விளையாட்டாகத் தேர்ந்து மகிழ்ந்து ஆடுவோமாக!